'கடைசி யூதர்' என்ற கதை: மட்டாஞ்சேரித் தெருவை எப்படிப் படிக்கிறோம்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த இரண்டு முக்கியமான புத்தகங்களின் தலைப்பிலேயே 'கடைசி' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. நாதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்க்கும் 1993இல் வெளியிட்டது 'கொச்சியின் கடைசி யூதர்கள்'. எட்னா ஃபெர்னாண்டஸ் 2008இல் எழுதியது 'கேரளத்தின் கடைசி யூதர்கள்'. பத்திரிகைக் கட்டுரைகளையும் சேர்த்தால் இந்தக் 'கடைசி'க்கு எண்ணிக்கையே கிடையாது. 2019 ஆகஸ்டில் சாரா கோஹன் தன் 96ஆவது வயதில் இறந்தபோது எழுதினாங்க. 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா இறந்தபோது மறுபடியும் எழுதினாங்க. ஒரு தெருவுக்கு முப்பது வருஷமாக இரங்கல் கட்டுரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், அந்தச் சொல்லுக்கு வேறு ஏதோ வேலை இருக்கணும்.

அந்த வேலை என்ன என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. தெருவின் வரலாறும் இதில் வரும். ஆனால் என் கேள்வி, அந்த வரலாற்றை யார், எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்பது.

தெருவும் அதன் சட்டமும்

முதலில் இடம். வடக்கு முனையில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனை (டச்சு அரண்மனை என்பது பிற்காலப் பெயர்). அதன் வளாகத்தில் பழயன்னூர் பகவதி கோயில். அதை ஒட்டியே 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம். தெருவோடு தெற்கே போனால் இன்னும் இரண்டு ஜெபாலயங்கள் இருந்தன: தெக்கும்பாகம், கடைசியில் கடவும்பாகம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்தாலே சில நிமிஷங்கள்தான். அவ்வளவு சின்னத் தெருவில் மூன்று.

எங்கள் கெலவரப்பள்ளியில் 'பள்ளி' என்றால் ஊர். ஓசூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பள்ளி வரும். மலையாளத்தில் பள்ளி என்றால் வழிபாட்டு இடம். மாதாகோயிலும் பள்ளி, மசூதியும் பள்ளி, யூதருடையது ஜூதப்பள்ளி. மட்டாஞ்சேரியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு அர்த்தமும் சேர்ந்தே வேணும். அங்கே பள்ளிதான் ஊரை உண்டாக்கியது.

எப்படி என்றால், யூதச் சட்டப்படி வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும்வரை ஓய்வுநாள். தீ மூட்டக் கூடாது, வண்டி ஏறக் கூடாது. அப்படியானால் ஜெபாலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில்தான் வீடு இருக்க முடியும். முழுமையான கூட்டு ஜெபத்துக்கு வயதுவந்த ஆண்கள் பத்து பேர் வேண்டும். ஆகவே பல குடும்பங்கள் பக்கத்தில் இருக்கணும். இறைச்சிக்கு முறைப்படி அறுக்கத் தெரிந்த ஆள் வேணும். பஸ்கா பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, கிணற்றைச் சுத்தம் செய்து, அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார்கள். இந்த வேலைகளை ஒற்றை வீடாக இருந்து செய்ய முடியாது. ஒரு தெரு வேண்டும். மதச் சட்டம் இங்கே நகரத் திட்டம் போல வேலை செய்திருக்கிறது.

இவ்வளவு ஆசாரத்தோடு இருந்தும் கொச்சியில் ரப்பி என்று ஒருவர் இருந்ததில்லை. படித்த பெரியவர்களே ஜெபத்தை நடத்தினார்கள். ஜெபாலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை, வெளிநாட்டு யூதருக்குத்தான் ஆச்சரியம். தோரா வாசிக்கும் மேடை கீழே ஒன்று, மேல்மாடத்தில் இன்னொன்று. இந்த இரட்டை மேடை கேரளத்துக்கே உரியது. பெண்கள் மலையாளத்தில் யூதப் பாட்டுகள் பாடினார்கள், அவற்றைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்துப் பேத்திகளுக்குக் கொடுத்தார்கள். நெஹேமியா மோத்தா என்ற 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஞானியின் கல்லறைக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது பெரும்பாலும் வேறு பட்டியல்: டச்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்த எசக்கியேல் ரஹாபி 1760இல் எழுப்பிய மணிக்கூண்டு, கையால் வரைந்த சீனத்து நீலவெள்ளை ஓடுகள், பெல்ஜியம் விளக்குகள். அழகானவைதான். ஆனால் அவை அந்தத் தெருவின் பணத்தைக் காட்டுகின்றன. தெருவின் குணம் அரிசி பொறுக்கிய முறத்தில் இருந்தது.

செப்பேடு என்ன கொடுத்தது?

கொச்சி யூதர் பற்றித் தமிழில் யார் பேசினாலும் இரண்டு விஷயம் கட்டாயம் வரும். ஒன்று, எபிரேய பைபிளில் மயிலுக்கு வரும் சொல் நம்ம 'தோகை'தான் என்பது. இன்னொன்று, ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு. அதோடு 'பாருங்க, இந்தியாவில் யூத வெறுப்பே இருந்ததில்லை' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார்கள்.

அந்த வரி பொய் இல்லை. 1662இல் ஜெபாலயத்தைச் சேதப்படுத்தியது போர்த்துக்கீசியர். அடுத்த வருஷமே டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகு அதைச் சீர்செய்தார்கள். உள்ளூர் அரசு அவர்களை விரட்டியதில்லை. அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்த ராஜாவை உலகத்தில் வேறு எங்கே பார்ப்போம்? 1968இல் ஜெபாலயத்தின் 400ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார், தபால்தலையும் வெளியானது. 2017இல் நெதன்யாகுவுக்கு இந்தியப் பிரதமர் கொடுத்த பரிசுகளில் அந்தச் செப்பேட்டின் நகலும் ஒன்று.

ஆனால் செப்பேட்டை நிதானமாகப் படித்துப் பாருங்க. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழுக்கு மிக நெருக்கமான பழைய மலையாளம். முயிரிக்கோட்டில் இருந்தபடி அரசன் கொடுத்தது. 'இஸ்ஸுப்பு இரப்பா'னுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகர்களின் குழு. தமிழகக் கல்வெட்டுகளிலும் அந்தப் பெயர் வரும். சரி, அந்த உரிமைகள் என்னென்ன? பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம். பாவாடை என்றும் ஒன்று வரும்; காலடியில் விரிக்கும் நடைவிரிப்பு அது. வரிச் சலுகையும் உண்டு.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் நமக்குப் புரிந்துவிடும். யார் பல்லக்கில் போகலாம், யார் குடை பிடிக்கலாம், யாருக்குப் பறை முழங்கணும் என்பதெல்லாம் இந்த மண்ணில் எதைக் குறிக்கும் என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல் தாண்டி வந்த வியாபாரிக்கு அரசன் கொடுத்தது வெறும் அடைக்கலம் இல்லை. படிநிலையில் மேலே ஓர் இடம். குடைக்கு மதிப்பு வருவதே குடை பிடிக்கக் கூடாதவர்கள் கீழே இருப்பதால்தான். வரவேற்பும் சாதியும் ஒரே செப்புத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சகிப்புத்தன்மைக்குச் சான்றாக இதைக் காட்டுகிறவர்கள் பட்டியலை வாசிக்காமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பெஞ்சு யாருக்கு?

தெருவின் வடக்கு முனையில் பரதேசிகள், 'வெள்ளை யூதர்' எனப்பட்டவர்கள். ஸ்பெயின், சிரியா, பாக்தாத், ஜெர்மனி என்று பல இடங்களிலிருந்து 16ஆம் நூற்றாண்டு முதல் வந்து சேர்ந்த குடும்பங்கள். தெற்கே மலபாரிகள், 'கறுப்பு யூதர்' என்று அழைக்கப்பட்ட பழைய குடிகள். கொச்சங்காடியில் இருந்த அவர்களது ஜெபாலயத்தின் 1344-45ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்று பரதேசி ஜெபாலயச் சுவரில் பதிந்திருக்கிறது. செப்பேடும் பரதேசிகளிடம்தான். ஜோசப் ரப்பானின் வாரிசு நாங்கள்தான் என்று இரண்டு தரப்பும் சொல்லிக்கொண்டிருந்தன. பத்திரம் ஒன்று, பங்காளி இரண்டு. நம்ம ஊர்த் தாலுகா ஆபீஸில் தினமும் பார்க்கிற வழக்குதான்.

இவர்களைத் தவிர மூன்றாவதாக ஒரு பிரிவு, மெஷுக்ராரிம். எபிரேயத்தில் 'விடுவிக்கப்பட்டோர்' என்று பொருள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்களின் சந்ததியும். பரதேசி ஜெபாலயத்துக்குத்தான் போவார்கள், ஆனால் உள்ளே பெஞ்சில் உட்கார முடியாது. முன்கூடத்தில், தரையில். தோரா வாசிக்க அழைப்பு வராது. கல்யாண உறவு கிடையாது.

இதற்கு யூதச் சட்டம் இடம் கொடுத்ததா? 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கேள்வி போயிருக்கிறது: இங்கே ஒரு சிறு கூட்டம் தன்னை உயர்குலம் என்று சொல்லிக்கொண்டு மற்ற யூதர்களோடு சம்பந்தம் வைக்க மறுக்கிறது, என்ன செய்ய? அக்காலத்தின் பெரிய சட்ட அறிஞர் தாவீத் இப்னு ஸிம்ரா பதில் எழுதினார். சடங்கு முழுக்கு முடிந்தால் அவர்கள் முழு யூதர்கள், மணம் செய்துகொள்ளலாம். அவருடைய மாணவர் யாக்கோப் காஸ்ட்ரோவின் தீர்ப்பும் அதேதான். சமையலறையில் ஒரு அரிசி மணிக்குக்கூட வேதச் சட்டம் பார்த்த தெரு, இந்தத் தீர்ப்பை மட்டும் நானூறு வருஷம் கண்டுகொள்ளவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு சமூகத்தின் முன்னுரிமையைக் காட்ட முடியாது.

காட்ஸ்–கோல்ட்பர்க் புத்தகத்தின் மேல் என் முக்கியமான வருத்தம் இங்கேதான். 1980களில் மட்டாஞ்சேரியிலேயே தங்கி, பண்டிகைகளை நுணுக்கமாகப் பார்த்து எழுதியவர்கள். பஸ்காவின் சுத்தத்தில் பிராமண ஆசாரத்தின் சாயல், தோரா மகிழ்ச்சித் திருநாளில் அரச ஊர்வலத்தின் சாயல் என்று அவர்கள் காட்டுவது அருமையான வாசிப்பு. சாதிப் பிரிவையும் மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் 'ஒரு சிறுபான்மை, சுற்றியிருந்த பண்பாட்டோடு எப்படிப் பொருந்திப்போனது' என்ற ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். பொருந்திப்போனது சரி, யாருடைய முதுகின் மேல்? தரையில் உட்கார்ந்தவருக்கு அது பொருந்தல் இல்லை.

தரையிலிருந்து எழுந்தவர் ஒருவர் உண்டு. ஏ.பி. சாலேம் (1882–1967). நம்ம சேலத்துக்கும் அவர் பேருக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சமூகத்தில் முதல் பட்டதாரி, வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர், காந்தியவாதி. தன் சொந்த ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். சட்டம் படித்தவர், உரிமை மறுத்தபோது ஜெபாலயத்தைப் புறக்கணித்தார். வருஷக் கணக்கில் இழுத்த பிறகு பின்வரிசைப் பெஞ்சு கிடைத்தது, பிறகு தோரா வாசிக்கும் உரிமை. 1950இல் அவர் மகன் ஒரு வெள்ளை யூதப் பெண்ணை மணந்தபோது கொச்சியில் நடத்த முடியாமல் பம்பாயில் கல்யாணம் ஆனது. இன்று யூதத் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயர்தான்.

வைக்கம் நினைவுக்கு வருகிறதா? வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது 1924இல். மட்டாஞ்சேரியிலிருந்து அதிக தூரமும் இல்லை. ஒரு பக்கம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை, இன்னொரு பக்கம் ஜெபாலயப் பெஞ்சில் உட்காரும் உரிமை. இரண்டையும் ஒரே வரலாறாக எழுதவேண்டியது கேரளம் பற்றியும் பெரியார் பற்றியும் இவ்வளவு எழுதுகிற நம்ம வேலை.

நாவலும் சினிமாவும்

கற்பனை எழுத்தில் நிலைமை இன்னும் சுவாரஸ்யம். சல்மான் ருஷ்டியின் 'த மூர்ஸ் லாஸ்ட் சை' (1995) நாவலில் அந்த நீல ஓடுகள் உயிர் பெறுகின்றன. நாயகனின் பாட்டி அந்த ஜெபாலயத்தைப் பராமரிப்பவள். மொழியின் துள்ளல் பிரமாதம். ஆனால் தெருவிலிருந்து நாவல் எடுத்துக்கொண்டது ஓடுகளையும் மிளகையும். 2003இல் கமல் இயக்கிய 'கிராமபோன்' மலையாளப் படம் யூதத் தெருவின் கடைசிக் குடும்பங்களின் ஏக்கத்தைப் பாட்டாக்கியது. 2017இல் வந்த 'எஸ்ரா'வில் யூதர் ஒரு பழம்பொருள் பெட்டிக்குள் அடைபட்ட ஆவி.

வரிசையைக் கவனியுங்க: ஓடு, பழைய இசைத்தட்டு, பேய். மனிதர் குறையக் குறையப் பொருள் பெரிதாகிறது. தெருவிலும் அதேதான் நடந்தது. யூத வீடுகள் இன்று பழம்பொருள் கடைகள். மிளகு ஏலம் நடந்த இடமும் அமைதியாகிவிட்டது.

இவற்றுக்கு மாற்றாக நான் எல்லோருக்கும் சொல்வது ரூபி டேனியலின் நினைவுக்குறிப்பு, 'ரூபி ஆஃப் கொச்சின்' (1995, பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து எழுதியது). மெஷுக்ராரிம் எனப்பட்ட குடும்பத்தில் 1912இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவப் பணி, 1951இல் இஸ்ரேல், அங்கே ஒரு கிபுட்ஸ் வாழ்க்கை. பாட்டிமார் சொன்ன கதைகள், பேய்க்கதைகள், கல்யாணப் பாட்டுகள், அவமானங்கள் எல்லாம் கலந்து வரும். ஒழுங்கான வரலாற்று நூல் இல்லை. வருஷங்கள் முன்னே பின்னே போகும். ஆனால் தெரு ஒரு வீட்டின் உள்ளேயிருந்து தெரிகிற ஒரே புத்தகம் நான் படித்ததில் இதுதான். அவர் 'கடைசி'யைப் பற்றி எழுதவில்லை. அடுப்பைப் பற்றி எழுதினார்.

போனவர்கள் எங்கே?

'கடைசி' என்ற சொல்லின் பெரிய குறை, அது கணக்கிலேயே தப்பு. 1948 வாக்கில் கொச்சி யூதர்கள் மொத்தம் சுமார் 2,500 பேர். அதில் பரதேசிகள் சிறு பங்கு. பெரும்பான்மையான மலபாரிகள் 1950களின் முதல் பாதியில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். யானைக்கால் நோய்ப் பயத்தைச் சொல்லி இஸ்ரேல் அதிகாரிகள் முதலில் தாமதப்படுத்தினார்கள். பேசித் தீர்க்கப் போனவர்களில் வயதான சாலேமும் ஒருவர். அங்கே நெவாத்திம், மெசிலாத் சீயோன் போன்ற கிராமங்களில் குடியேறினார்கள். மெசிலாத் சீயோன் இருப்பது 1948இல் காலியான பெய்த் மஹ்ஸிர் என்ற பாலஸ்தீன ஊரின் நிலத்தில். ஒரு தெரு காலியாகும்போது இன்னொரு காலியான ஊர் நிரம்பியது. கொச்சியில் நின்று ஏக்கப்படுகிறவர்களின் எழுத்தில் இந்த வரி அனேகமாக இருக்காது.

மட்டாஞ்சேரி கடவும்பாகத்தின் உள் மரவேலை இப்போது ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. கட்டடம் கிடங்காகி, 2019 மழையில் முகப்பு சரிந்தது. அதே தெருவின் மறுமுனையில் சீன ஓட்டைப் பார்க்க டிக்கெட் வரிசை. எறணாகுளத்திலோ கடவும்பாகம் ஜெபாலயத்தின் முன்னால் பல காலமாக அலங்கார மீனும் செடியும் விற்றுக்கொண்டு மலபாரி யூதர் இருக்கிறார்கள். 'கடைசிப் பரதேசி' என்பது 'கடைசி யூதர்' ஆனது எப்படி? வடக்கு முனையில் நிற்கிறவரைத்தான் கேமரா எடுக்கிறது.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு தகவல். நெகேவ் பாலைவனத்தில் கொச்சி யூதர்கள் பெயர் எடுத்தது பசுமைக்குடில் மலர் வளர்ப்பில். கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் கொய்மலர் மகத்துவ மையம் இந்திய–இஸ்ரேல் திட்டத்தில் நடக்கிறது. ஓசூர் ரோஜாவுக்கும் மட்டாஞ்சேரிக்கும் நேரடித் தொடர்பு என்று நான் கதை கட்டப்போவதில்லை. இடம்பெயர்ந்தவர்கள் தொழில் செய்து வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் சொல்ல வருவது. வாழ்கிறவர்களைப் பற்றி 'கடைசி' என்று எழுத முடியாது.

இதெல்லாம் ஓசூரில் ஏன்?

சிப்காட் வந்த பிறகு இங்கே தெருக்கள் உருவாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். லைன் வீடுகளில் ஒடியாக்காரர்கள் ஒரு பக்கம், பீகார்க்காரர்கள் ஒரு பக்கம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் பேசப்படுவதைப் பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான், அழகுதான். ஆனால் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும், அட்வான்ஸுக்கு முன்னால் வருகிற கேள்வி: "நீங்க என்ன ஆளுங்க?" என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பதிலைப் பொறுத்து வீடு காலியாக இருக்கும், அல்லது 'நேத்துதான் பேசி முடிச்சிட்டோம்' ஆகிவிடும்.

மட்டாஞ்சேரியிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம் இதுதான். பல பேர் பக்கம் பக்கமாகச் சண்டையில்லாமல் வாழ்வது ஒரு சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டையில்லை என்பதற்காகச் சமம் என்று ஆகிவிடாது. ஒரு சமூகத்தை நல்லபடி வரவேற்ற ஊர், வரவேற்கும்போதே தன் ஏணியையும் கையில் கொடுத்துவிடலாம். வந்தவர்கள் அதை வாங்கி வீட்டுக்குள் சாய்த்துவைத்து, தங்களுக்குள்ளேயே மேல் கீழ் பார்க்கலாம். பின்னால் எழுதப்படும் நினைவுக்கட்டுரையில் வரவேற்பு மட்டும் இருக்கும்.

போர்ட் கொச்சியில், யூதத் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில், டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைக்குத் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் சந்ததியார் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். மணிக்கூண்டு கட்டிய ரஹாபியும் அதே டச்சுக்காரர் காலத்து ஆள்தான். ரஹாபியின் ஓடுகளைப் பற்றி எத்தனை புத்தகம்! இவர்களைப் பற்றி நம்ம மொழியில் எத்தனை?

ஓசூரிலிருந்து பெங்களூரு–எறணாகுளம் இன்டர்சிட்டியில் ஏறினால் ஒரே வண்டியில் போய்விடலாம். போகிறவர்கள் ரூபி டேனியலை முதலில் படியுங்க. அப்புறம் யூதத் தெருவில் அரண்மனைப் பக்கமிருந்து நுழையாமல், தெற்கு முனையில், இடிந்த கடவும்பாகத்திலிருந்து நடக்க ஆரம்பிங்க. ஓடுகளை எட்டும்போது அவை முன்பு மாதிரித் தெரியாது.